வண்டி போன பிறகும் நிற்கும் பெயர்

ஆரணியில் பழைய வண்டி வாங்கி விற்கும் இடத்தை யாரும் கடை என்று சொல்வதில்லை. கன்சல்டிங் என்பார்கள். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் அதே பெயர்தான். தகரக் கூரையின் கீழ் ஏழெட்டு பைக், இரண்டு மூன்று கார், ஓரத்தில் ஒரு மேசை. பேரம் படிந்ததும் மேசையின் இழுப்பறையிலிருந்து படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு தாள்கள் வெளியே வரும். "இங்க ஒரு கையெழுத்துண்ணே, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்." வாங்குபவர் பெயருக்கான இடம் காலி. தேதிக்கான இடமும் காலி. விற்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். தலைமுழுகியாயிற்று என்ற நினைப்பு அவருக்கு.

என் சித்தப்பாவும் அப்படித்தான் பஸ் ஏறினார். அவர் பட்டு நெசவாளர், சத்தியவிஜயநகரத்துப் பக்கம் வீடு. விற்றது ஒரு பழைய பைக். நான்கு வருடம் கழித்து வேறொரு மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. அந்த பைக் ஒரு பெரியவர்மீது மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. எண்ணைத் தட்டிப் பார்த்ததும் கணினியில் வந்தது சித்தப்பாவின் பெயர். விற்றுவிட்டேன் என்றார். யாரிடம் என்றார்கள். கன்சல்டிங்கில் என்றார். எழுத்து இருக்கிறதா என்றார்கள். இல்லை. வாங்கியவரிடமிருந்து வாங்கியவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்குமாக அலைந்தார். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். அந்த மாதங்களில் அவர் வீட்டுத் தறியில் பாவு பாதியில் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பெயர் மாற்ற விஷயத்தை நான் விடாமல் படித்துவருகிறேன்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆரணி, முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று தறி இருக்கும் இடங்களிலெல்லாம் பாவு போவதும் முடிந்த புடவை வருவதும் இரண்டு சக்கரத்தில்தான். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லின் முன்பக்கத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும் ஆளைப் பார்க்காமல் ஆரணியில் ஒரு காலைப்பொழுது கழியாது. அந்த வண்டிகளில் எத்தனையோ இரண்டாம் கை, மூன்றாம் கை. நெசவுக் கூலியில் வாழும் குடும்பம் புது வண்டி எடுப்பதற்குள் மூன்று பழைய வண்டி மாற்றியிருக்கும். கொஞ்சம் கை நிமிர்ந்ததும் ஒரு பழைய கார் வரும். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டும், பெண் பார்க்கப் போகவேண்டும் என்று காரணங்கள் இருக்கும். களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் வண்டி மாற்றினால் அவர்கள் விட்ட கார் நெசவாளர் தெருவுக்கு வரும். ஆரணிச் சாலையில் பத்து நிமிடம் நின்றால் திருவண்ணாமலையின் 25, வேலூரின் 23, இந்த ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் 97 எல்லாம் கலந்து ஓடும். மாநிலத்துக்குள் விற்றால் எண் மாறுவதில்லை. எண் வண்டியோடு பிறந்து வண்டியோடு சாகிறது. மாறவேண்டியது பெயர் ஒன்றுதான், அது பாதி நேரம் மாறுவதில்லை.

ஏன் மாறுவதில்லை என்பதற்கு சோம்பல், செலவு, அலைச்சல் என்று எல்லோருக்கும் தெரிந்த பதில்கள் உண்டு. அவற்றுக்கு அடியில் சட்டத்திலேயே ஒரு பிளவு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும்.

வண்டி என்பது அசையும் சொத்து. அசையும் பொருளை விற்பதற்கான சட்டம் 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டம். அதன்படி, விற்பவரும் வாங்குபவரும் எப்போது உடைமை மாறவேண்டும் என்று நினைத்தார்களோ அப்போது அது மாறிவிடும். பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டால் பொருள் வாங்கியவருடையது. பதிவு அலுவலகத்தில் பெயர் மாறுவது அதற்குப் பிறகு நடப்பது, விற்பனைக்கு அது முன் நிபந்தனையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் பன்னாலால் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆக, கன்சல்டிங் மேசையில் சித்தப்பா பணம் வாங்கிய நிமிடத்தில் பைக் அவருடையதல்ல என்பது சரிதான்.

ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30), உரிமையாளர் என்பவர் யார் என்று சொல்கிறது: யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவர். கடனில் எடுத்த வண்டி, குத்தகை வண்டி ஆகியவற்றுக்கு மட்டும் ஒப்பந்தப்படி யார் கையில் வண்டி இருக்கிறதோ அவர். இரண்டு சட்டமும் ஒரே வண்டியைப் பார்த்து இரண்டு பேரைக் காட்டுகின்றன. பணத்தின் கண்ணில் வாங்கியவர் உரிமையாளர், விபத்தின் கண்ணில் விற்றவர். இந்த இடைவெளியைச் சட்டமே அறிந்துதான் பிரிவு 50-ஐ வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், அதன் பிரதியை வாங்கியவருக்கும் அனுப்பவேண்டும். வெளி மாநிலத்துக்கு என்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள், தான் குடியிருக்கும் எல்லையின் அலுவலகத்தில், ஆர்.சி.யோடும் கட்டணத்தோடும் விண்ணப்பிக்கவேண்டும். முன்னது படிவம் 29, பின்னது படிவம் 30.

இங்கே ஒன்றை நின்று கவனிக்கவேண்டும். படிவம் 29 விற்றவரின் அறிக்கை. அவர் தன் கையால், தன் காலத்துக்குள் கொடுக்கவேண்டியது. நடைமுறையில் அது என்ன ஆனது? அதையும் 30-ஓடு சேர்த்து ஒரே கட்டாக வாங்குபவர் கையிலோ புரோக்கர் கையிலோ கொடுத்துவிடுகிறோம். விற்றவரைக் காப்பாற்ற வைத்த தாள், வாங்கியவர் சட்டைப்பையில் போய்த் தூங்குகிறது. அவர் அதை எப்போது எடுத்துப் போவார் என்பது அவர் விருப்பம். அவருக்கு அவசரமும் இல்லை. வண்டி ஓடுகிறது, பெட்ரோல் போட்டால் போகிறது. அடுத்த வருடம் விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் தன் பெயரே நடுவில் வராமல் அதே காலிப் படிவத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். வண்டிக்கு ஓர் ஓனர் குறைவாகக் காட்டினால் விலையும் கூடும். சிங்கிள் ஓனர் என்று சொல்லி விற்பதற்குள்ள மவுசு இந்த வழக்கத்துக்கு உரம்.

நீதிமன்றங்கள் இந்த இடைவெளியில் விழுந்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகின்றன. 2001-இல் டி.வி. ஜோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் நிற்கும்வரை மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து விற்றவர் தப்பமுடியாது என்றது. 2011-இல் புஷ்பா எதிர் சகுந்தலா வழக்கு. ஒரு லாரி 1993 பிப்ரவரியில் விற்கப்பட்டது. விபத்து 1994 மே மாதம். நடுவில் காப்பீட்டைப் புதுப்பித்தது வாங்கியவர், ஆனால் பழைய உரிமையாளர் பெயரிலேயே. இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு பதிவேட்டில் நின்றவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வந்தது.

இவற்றையெல்லாம் திரட்டி முடிச்சுப் போட்டது 2018 பிப்ரவரியில் வந்த நவீன் குமார் எதிர் விஜய் குமார் தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் அமர்வு, தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். அந்தக் கார் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கை மாறியது, பதிவேட்டில் மட்டும் ஒரு தடவையும் மாறவில்லை. 2009-இல் விபத்து. நான் இவரிடம் விற்றேன், நான் அவரிடம் விற்றேன் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். நீதிமன்றம் பதிவேட்டில் முதலில் இருந்தவரையே உரிமையாளர் என்றது. அதன் காரணத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன்: வீட்டில் ஒரு சாவு விழுந்த குடும்பம், பதிவாகாத விற்பனைகளின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலையவேண்டியதில்லை. பதிவேட்டைத் திறந்தால் பெயர் இருக்கவேண்டும்.

நெசவுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒன்றையும் தாவமுடியாது. தாவினால் அந்த இடம் புடவை முழுக்கக் கோடாக ஓடும். நான்கு பேர் கை மாறிய வண்டிக்கு நான்கு பிணைப்பு வேண்டும். மூன்றை விட்டுவிட்டு நான்காவது ஆளைப் போய்ப் பிடி என்றால் நீதிமன்றம் பிடிக்காது.

அப்படியானால் டெலிவரி நோட்டுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் மதிப்பு அல்ல. முத்திரைப் பத்திரத்தில் இன்ன தேதி, இன்ன மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன், இதற்குமேல் நடப்பதற்கு வாங்குபவர் பொறுப்பு என்று எழுதி வாங்கினால் அது இரண்டு பேருக்குள் செல்லும். இழப்பீடு கட்டிய பிறகு வாங்கியவரிடம் அதைத் திரும்பக் கேட்க உதவும். ஓட்டியது நானல்ல என்று காவல் நிலையத்தில் காட்ட உதவும். விபத்தில் கால் போனவருக்கும் அந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை.

காப்பீட்டின் கதை இன்னும் நுணுக்கமானது. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாகப் போய்விடும் என்று பிரிவு 157 சொல்கிறது. வாங்கியவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும். எழுதாவிட்டாலும் அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003-இன் ரிக்கி ராம் தீர்ப்பு. ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவை இந்தத் தானியங்கி மாற்றத்தில் சேராது என்று 1996-லேயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் முடிவாகிவிட்டது. இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கிய கார் திருடுபோனால், ஆவணம் பழையவர் பெயரில் இருக்கும்வரை வாங்கியவருக்கு நிறுவனத்திடம் கேட்கும் உரிமை சந்தேகம்தான். விற்றவர் கேட்டால்? 2020-இல் சுரேந்திர குமார் பிலாவே வழக்கில் ஒரு லாரியை 2008-லேயே விற்க ஒப்பந்தம் போட்டாயிற்று, 2011-இல் விபத்து. இவர் உரிமையாளரே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, எனவே அவரே உரிமையாளர், பணத்தைக் கொடு என்றது உச்ச நீதிமன்றம். பொறுப்பு வரும்போது பிடித்த அதே பெயர், அந்தத் தடவை உரிமையைக் காப்பாற்றியது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, வாங்கியவருடைய சொந்த உயிர். வண்டியின் உரிமையாளரே ஓட்டிப்போய் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பதிவு உரிமையாளருக்கானது. ஆர்.சி.யில் பெயர் மாறாத பைக்கில் போய் இறந்த நெசவாளரின் மனைவி அந்தப் பணத்தைக் கேட்டால், உங்கள் கணவர் உரிமையாளர் இல்லையே என்று பதில் வரும். விற்றவரைப் பற்றியே இதுவரை பேசினேன். வாங்கியவரும் தப்பவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

குற்ற வழக்குகள் வேறு ரகம். 2022 அக்டோபர் 23 விடியற்காலை கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே வெடித்தது பல கை மாறி வந்த ஒரு பழைய மாருதி கார். முன்னாள் உரிமையாளர்களை ஒவ்வொருவராக விசாரித்தது காவல்துறை. 2019 பிப்ரவரி புல்வாமா தாக்குதலிலும் சிதறிக் கிடந்த பாகங்களிலிருந்து சேசிஸ் எண்ணைக் கண்டெடுத்து, ஒரு மாருதி ஈக்கோ வேனின் முந்தைய கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் போனார்கள். இவை பெரிய சம்பவங்கள், நமக்கு வராது என்று நினைக்கலாம். வருவது சின்னதாக வரும். சிக்னல் கேமரா எண்ணைப் படம் பிடிக்கிறது, எண் பதிவேட்டைப் பார்க்கிறது, பதிவேடு பழைய உரிமையாளரின் செல்போனுக்கு அபராதச் செய்தி அனுப்புகிறது. இன்னொன்று இதைவிடக் கடுமையானது. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி என்று 2019-இல் சேர்த்த பிரிவு 199ஏ சொல்கிறது. மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கலாம், ஆனால் நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். யாரோ வாங்கிய வண்டியை அவர் மகன் ஓட்டியதற்கு, ஆரணியில் தறி மேல் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லவேண்டிய நிலை.

சரி, முறையாக மாற்றுவது அவ்வளவு கடினமா? கட்டணத்தைப் பார்த்தால் இல்லை. 2016 டிசம்பரில் திருத்திய மத்திய விதிகளின்படி பெயர் மாற்றத்துக்கு பைக்குக்கு 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் கொஞ்சம் கூடும். கன்சல்டிங்கில் பேர் மாத்தித் தர்றோம் என்று கேட்கும் தொகை இதைவிடப் பல மடங்கு. கையில் வேண்டியவை: ஆர்.சி., உயிரோடு இருக்கும் காப்பீடு, புகைச் சான்று, இருவரின் ஆதார், முகவரிச் சான்று, சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. விண்ணப்பம் பரிவாகன் தளத்தில். 2022 செப்டம்பரில் மத்திய அரசு, பெயர் மாற்றம் உட்பட 58 சேவைகளை ஆதார் சரிபார்ப்போடு இணையத்திலேயே முடிக்கலாம் என்று அறிவித்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கக் கேட்டால் கொண்டுபோகவேண்டும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்.சி.யை விரைவு அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். முகவரி தவறாக இருந்தால் அட்டை அலுவலகத்துக்கே திரும்பிவிடும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பழைய பாக்கிகளால். முதல் பாக்கி, கடன். ஐந்து வருடத்துக்கு முன்பே தவணை கட்டி முடித்திருப்பார். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கும். அந்தப் பெயரை நீக்க, அதாவது ஹெச்.பி. கேன்சல் செய்ய, படிவம் 35-இல் நிறுவனமும் கையெழுத்துப் போடவேண்டும். சிறிய ஃபைனான்ஸ் என்றால் அதற்குள் அலுவலகமே மூடியிருக்கலாம். கடைசித் தவணை கட்டிய அன்றே அந்தத் தாளைக் கேட்டு வாங்காதவர்கள் பிறகு படும் பாட்டை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது, இறந்தவர் பெயர். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம், வண்டி இன்னும் அவர் பெயரில், மகன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். விதிப்படி 30 நாளுக்குள் தகவல் தரவேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்கவேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் ஒரு பழைய காருக்காக அந்தச் சம்மதம் கிடைப்பது லேசல்ல. 2021 முதல் ஆர்.சி.யிலேயே வாரிசுதாரர் ஒருவரை முன்கூட்டிக் குறிக்கலாம். இந்த வசதியை எங்கள் ஊரில் யாரும் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, வெளி மாநில வண்டி. ஆரணிக்காரர்களுக்குப் பெங்களூர் தூரமில்லை. பட்டு நூல் வரும் திசையே அதுதான். கே.ஏ. வண்டி விலை குறைவு என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அங்குள்ள அலுவலகத்தின் படிவம் 28, அதாவது என்.ஓ.சி., இல்லாமல் இங்கே எதுவும் நகராது. திருட்டு வண்டி அல்ல என்பதற்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சரிபார்க்கவேண்டும். பிறகு தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு புதிய காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 விழுக்காடு. பழைய காருக்கு வயதைக் கழித்துக்கொண்டு கணக்கிடுவார்கள். விலையில் மிச்சம் பிடித்ததை வரியில் விட்டவர்கள் உண்டு. பதினைந்து வயது தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். இருபது வயதைத் தாண்டினால் 2025 ஆகஸ்டு முதல் 10,000. வாங்கும் முன்பே ஆர்.சி.யின் கடைசித் தேதியைப் பார்த்துவிடவேண்டும்.

இனி கன்சல்டிங். அவர்களை வில்லனாக்கிப் பேசுவது நியாயமில்லை. வண்டிக்காரரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கிறார்கள், கடனுக்கு ஆள் பிடித்துத் தருகிறார்கள், அவர்கள் இல்லாமல் இந்தச் சந்தையே இல்லை. ஆனால் அவர்கள் கையில் வண்டி நிற்கும் வாரங்களில் அது யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்தில் நெடுநாள் பதில் இல்லாமல் இருந்தது. அதை அடைக்கத்தான் மத்திய அரசு 2022 டிசம்பர் 22-இல் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கவேண்டும், அது ஐந்து வருடம் செல்லும். விற்பவர் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி-யை இணையத்தில் ஏற்றவேண்டும். அந்த நிமிடத்திலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை எடுத்துப் போகும் ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். என் பார்வையில் 1988-க்குப் பிறகு இந்த விஷயத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான். விற்கப் போகிறவர் கன்சல்டிங் மேசையில் விலைக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி: உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி இப்போதே ஏற்றுவீர்களா?

ஆனால் ஒரு நெசவாளர் இன்னொரு நெசவாளருக்கு நேராக விற்றால்? அங்கே 29சி இல்லை. பழைய 29 மட்டும். அது வாங்குபவரின் 30 வந்து சேரும்வரை பதிவேட்டில் எதையும் அசைப்பதில்லை.

இந்த இடத்தில் வெளியே கொஞ்சம் பார்த்தால் நல்லது. பிரிட்டனின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் வண்டியை வைத்திருப்பவருடையது, உரிமையாளருக்கான சான்று அல்ல என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. விற்பவர் இணையத்தில் அறிவிக்கிறார், வண்டி அவர் பெயரிலிருந்து இறங்கிவிடுகிறது. வாங்கியவர் மனது வைக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் உடைமைக்கே ஒரு தனித் தாள் உண்டு, டைட்டில் என்பார்கள். கடன் இருந்தால் அதில் கடன் கொடுத்தவர் பெயரும் ஏறும். கலிஃபோர்னியாவில் விற்றவர் ஐந்து நாளுக்குள், வண்டியை ஒப்படைத்தேன், இனிப் பொறுப்பு என்னுடையதல்ல என்று துறைக்கு அறிவிப்பு கொடுக்கவேண்டும். அது தனியாக, அவர் கையாலேயே போகும் அறிவிப்பு. இலங்கையோ நம் நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் படிவத்தோடு வண்டி கைமாறுவதற்கு ஓப்பன் பேப்பர் என்றே பெயர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனம் முழு உரிமையாளர் என்று தனியாகவே பதிவாகும். எது யாருடையது என்ற குழப்பம் அந்த ஒரு விஷயத்தில் குறைவு.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. விற்றவரின் அறிக்கையை வாங்குபவரின் விண்ணப்பத்திலிருந்து பிரிக்கவேண்டும். சட்டம் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது, பிரிவு 50-ஐப் படித்தால் தெரியும். அலுவலக நடைமுறைதான் ஒட்டிவிட்டது. வியாபாரிக்கு 29சி-யில் செய்ததை, தனிநபர் விற்பனைக்கும் செய்யலாம். விற்றவர் ஆதாரோடு இணையத்தில் அறிவித்த அன்றே, அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கும் யாருக்கும், இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றதாக அறிவிக்கப்பட்டது என்று தெரியவேண்டும். வாங்கியவரின் செல்போனுக்கும் செய்தி போகவேண்டும். அதற்குமேல் வாங்கியவர் தூங்கினால் அபராதம் அவருக்கு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எந்த நட்டமும் இல்லை, பதிவேட்டைத் திறந்தால் பெயர் இருக்கும், அதுவும் சரியான பெயர். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். விதியும் மென்பொருளும் போதும்.

அதுவரை நம் பங்குக்குச் செய்யக்கூடியது, சாவியைக் கொடுக்கும் நாளும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் நாளும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பேசிய விலைக்கு மேல் ஒரு தொகையை வாங்கி, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கொண்டுவந்து காட்டிய பிறகு திருப்பித் தருவதாக, விற்பவரே கையில் பிடித்துவைக்கலாம். சில ஊர்களில் பெரியவர்கள் இப்படிச் செய்கிறார்கள், நல்ல வழக்கம். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 முதல் வருமான வரிச் சட்டப்படி தடை. பணம் வங்கி வழியே போனால் விற்பனைக்கு அதுவே இன்னொரு சாட்சி.

சித்தப்பா போன வருடம் இன்னொரு வண்டி விற்றார், ஒரு எக்ஸ்.எல். வாங்கியவர் போளூர்ப் பக்கத்துப் பையன். மறுநாளே சித்தப்பா தறிக்கு விடுமுறை விட்டார். ஆன்லைனில் இருவர் விரலும் பதிந்து, சேசிஸ் எண்ணைத் தன் கையால் பென்சில் தேய்த்து எடுத்து, பையனோடு ஆபீசுக்கும் போய் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். சாவியை அங்கே வைத்துத்தான் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டில் இருந்தபோது பையனுக்குப் போன் போட்டார். "தம்பி, கார்டு தபால்ல வந்துச்சா?" வந்துவிட்டது என்று பதில். "எடுத்துப் படி. எம் பேரு இல்லாம இருக்கா பாரு." பையன் படித்தான். சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.